திரவம் செய்த திருவிளையாடல்

மாத்தளை நகரில் மாசிமகத் தேர்த்திருவிழா நடைபெறும் நாளில் கண்டி–யாழ்ப்பாண வீதியிலே வாகனம் செலுத்துவோரின் நிலை எத்தகையது என்பதை அனுபவித்தவர்களே அறிவர். ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயத்தின் பஞ்சரதங்களும் வீதிவலம் வரும் வேளையில் அடியார் கூட்டம் ஒருபுறம், பந்தற் கடைகள் ஒருபுறம், இவற்றிடையே நத்தைபோல ஊர்ந்து செல்லும் பஸ் வண்டிகள் ஒருபுறமாக வீதியே நிரம்பி வழியும். மோட்டார் சைக்கிளில் வருபவன் ஓரடி நகர்வான், நிற்பான், மீண்டும் ஓரடி நகர்வான். அவனுடைய இடக்கைக்கு ஓய்வே இராது. கிளட்ச் பிடியை அழுத்துவதும் விடுவதுமாகவே பொழுது போய்விடும்.

அத்தகையதொரு நாளிலேதான் எமது தமக்கையாரின் புதல்வனுடைய மோட்டார் சைக்கிளில் கோளாறு தலைகாட்டிற்று. தேர் பார்த்துவிட்டு வீடு திரும்பியவன், வண்டியின் இயந்திரத்தின் இடப்புறத்திலிருந்து ஏதோ ஒரு திரவம் சொட்டுச் சொட்டாக வடிவதையும், அது பட்ட இடத்திலுள்ள வர்ணம் தோலுரிந்தாற்போல் கிளம்பியிருப்பதையும் எமக்குக் காட்டினான். இயந்திர எண்ணெயாயின் வர்ணத்தை இவ்வாறு உரிக்காது. எனவே அது கிளட்ச் திரவம் என்பது உடனே விளங்கிவிட்டது.

எமது மருமகன் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் ஒரு மரக்கறி மொத்த வியாபாரியிடம் கணக்கெழுதுபவன். நாற்பத்தைந்து கிலோமீற்றர் வரையிலான தூரத்தை விடியற்காலையிலே கடந்து செல்ல வேண்டியவன். அவன் வைத்திருப்பது ஜப்பானில் உருவான பழைய வண்டி. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், உள்ளதைக் கொண்டு ஓட்டுவதே இந்நாட்டவரின் வழக்கமாயிற்று. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியின்போது பெற்றோலுக்கு வரிசையில் நின்றவர்கள், உதிரிப்பாகத்திற்கும் அலைந்தார்கள். 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அத்தடை தளர்த்தப்பட்டதாயினும், புதிய வண்டியின் விலை சாதாரண குடும்பத்தவருக்கு எட்டுவதாயில்லை. ஆகவே வீட்டு முற்றமே கராஜ் ஆவதில் வியப்பொன்றுமில்லை.

நாம் கல்லூரியிலே பௌதிகம் கற்பிப்பவர். திரவ அமுக்கம் பற்றிய பாடத்தை எத்தனையோ ஆண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்து காட்டி வந்தவர். “இவ்வளவுதானே, நாமே செய்துவிடலாம்” என்று மருமகனுக்குத் தைரியம் சொன்னவரும் நாமே. அதன் விளைவாக நிகழ்ந்தவற்றை மறையாது கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எஜமானனும் அடிமையும்

சாதாரண மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் பிடியையும் இயந்திரத்தையும் ஓர் உருக்குக் கம்பி இணைக்கும். பிடியை இழுத்தால் கம்பி இழுபடும்; தட்டுகள் விலகும்; அவ்வளவே. 1980களில் ஜப்பானியர் தமது பெரிய வண்டிகள் பலவற்றில் கம்பியை நீக்கிவிட்டுத் திரவத்தை அவ்விடத்திற் புகுத்தினர். பிடியின் அருகே சிறிய உருளையொன்று உண்டு. அதனுள் ஒரு முசலம். பிடியை அழுத்தியதும் முசலம் முன்னே சென்று திரவத்தைத் தள்ளும். அத்திரவம் ஒரு குழாய் வழியே இறங்கி, இயந்திரத்தின் பக்கத்திலுள்ள இரண்டாவது உருளையின் முசலத்தைத் தள்ளும். அது ஒரு நீண்ட கோலைத் தள்ள, கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று விடும். கராஜ்காரர் முதலாவதை ‘மாஸ்டர்’ என்றும் இரண்டாவதை ‘ஸ்லேவ்’ என்றும் அழைப்பர். எஜமானன், அடிமை என்னும் இப்பெயர்கள் எமக்கு உவப்பாயில்லை. மேலுருளை, கீழுருளை என்றே இங்கு கூறுவோம்.

இதற்கு அடிப்படையாயமைந்த விதியைக் கண்டவர் பிரான்சிய அறிஞர் பாஸ்கால். 1623 இற் பிறந்து 1662 இல், நாற்பது வயது நிரம்புமுன்பே மறைந்தவர். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் செலுத்தப்படும் அமுக்கம் எல்லாத் திசையிலும் குறைவின்றிப் பரவும் என்பது அவர் கண்ட உண்மை. திரவங்களின் சமநிலை பற்றிய அவருடைய நூல் அவர் மறைந்தபின், 1663 இலேயே வெளியாயிற்று. இன்னுமொரு செய்தியையும் சொல்லாமலிருக்க முடியவில்லை. மலையுச்சியில் காற்றின் அமுக்கம் குறையும் என்பதை நிரூபிக்க விரும்பிய பாஸ்கால், உடல்நலங் குன்றியவராதலால் தாம் மலையேறவில்லை. தமது தமக்கையின் கணவரை இரசக் குழாயுடன் ஏற்றி அனுப்பினார். 1648 செப்டெம்பர் 19 ஆந் திகதி அம்மனிதர் பிரான்சின் புயி-த-டோம் மலையில் ஏறி அளந்து வந்தார். ஆராய்ச்சி ஒருவருடையது, ஏற்றம் உறவினருடையது! எமது வீட்டிலும் பின்னர் ஏறக்குறைய அவ்வாறே நடந்தது.

மேலுருளையின் விட்டம் 14 மில்லிமீற்றர், கீழுருளையின் விட்டம் 35 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். பரப்பளவில் கீழது ஆறேகால் மடங்கு பெரிது. ஆகவே விசையும் ஆறேகால் மடங்காகும். ஆனால் உலகில் எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை. மேலே முசலம் 10 மில்லிமீற்றர் நகர்ந்தால் கீழே நகர்வது 1.6 மில்லிமீற்றர் மாத்திரமே. அந்த 10 மில்லிமீற்றர் நகர்வில் இடம்பெயரும் திரவம் எவ்வளவு தெரியுமா? ஒன்றரை மில்லிலீற்றர். குழந்தைக்கு மருந்து புகட்டும் 5 மில்லிலீற்றர்க் கரண்டியில் மூன்றிலொரு பங்குகூட நிரம்பாது! இந்தச் சொற்பத் திரவந்தான் முழுவேலையையும் செய்கிறது. அதனிடையே அரை மில்லிலீற்றர் காற்று புகுந்துவிட்டால், அமுக்கம் ஏறும்போது அக்காற்றுக் குமிழி சிறுத்து ஏறக்குறைய ஒன்றுமில்லாமற் போய்விடும். பிடியின் உழைப்பில் மூன்றிலொரு பங்கு அதற்கே பலியாகும். கீழே தட்டுகள் அசையா. கியர் மாற்ற முடியாது.

முற்றத்தில் ஒரு ஞாயிறு

கொழும்பிலிருந்து வருவிக்கப்பட்ட பொருள்கள் ஒரு கடதாசிப் பெட்டியில் வந்தன. கீழுருளைக்குரிய இறப்பர் வளையம், மேலுருளைக்குரிய முசலமும் கிண்ண வடிவான இறப்பர்களும் சுருளும், சில செப்பு வாஷர்கள், முன்னொருமுறை விழுந்தபோது வளைந்துபோன பிடிக்குப் பதிலாக ஒரு புதிய பிடி. ‘டொட் 4’ எனப்படும் பிரேக் திரவத்தை உள்ளூரிலேயே வாங்கினோம். தமக்கையார் வீட்டுப் பலாமரத்தின் நிழலிலே சாக்கை விரித்து வேலையைத் தொடங்கினோம். அவருடைய சமையலறையிலிருந்து ஒரு கிண்ணமும் ஒரு கரண்டியும் இரவலாக வந்தன. அவற்றைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

மருமகன் பழக்கத்தின்படி மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்தான். அதைத் தடுத்தது நாம் அன்று செய்த நல்ல காரியங்களுள் ஒன்று. இவ்வகை உருளைகளிலுள்ள இறப்பருக்கு மண்ணெண்ணெய், பெற்றோல், கிறீஸ் ஆகிய மூன்றும் பகை. பட்டதும் ஒன்றும் தெரியாது. சில நாளில் இறப்பர் ஊதிப்பெருத்து உருளைக்குள் இறுகிவிடும். கழுவுவதற்குப் புதிய பிரேக் திரவமே உகந்தது. புதிய இறப்பரை அத்திரவத்திலே தோய்த்துப் பொருத்த வேண்டும். கிண்ண இறப்பரின் விளிம்பு திரவத்தை நோக்கியிருத்தல் அவசியம். திருப்பிப் போட்டால் எத்தனை முறை அழுத்தினும் அமுக்கம் பிறவாது. பழைய வாஷரை மீண்டும் இடுவது சிக்கனமன்று. ஒருமுறை நசுங்கிய செம்பு மறுமுறை சரியாகப் படியாது.

எத்திரவத்தை ஊற்றுவது என்பதைத் திரவக் கிண்ணத்தின் மூடியே சொல்லும். சில ஐரோப்பிய வண்டிகளின் கிளட்சுக்குக் கனிய எண்ணெய் ஊற்றுவர். அவற்றில் டொட் 4 ஐ ஊற்றினாலும், டொட் 4 கேட்கும் வண்டியில் எண்ணெயை ஊற்றினாலும் இறப்பர் கெடும். டொட் 5 என்பது சிலிக்கோன் வகை. அதை மற்றவற்றுடன் கலத்தலாகாது. எண் கூடியது எல்லாம் மேலானது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பொருத்தி முடித்துத் திரவத்தை ஊற்றிப் பிடியை அழுத்தினோம். பழைய வளைந்த பிடிதான் அப்போது மாட்டியிருந்தது. அது எவ்வித எதிர்ப்புமின்றிக் கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது. மருமகன் எம்மைப் பார்த்தான். நாம் குழாயைப் பார்த்தோம்.

“காற்று” என்றோம்.

காற்றை வெளியேற்றும் முறை யாவருமறிந்ததே. கராஜ்களில் ‘எயார் எடுப்பது’ என்பர். கீழுருளையிலுள்ள திருகாணியில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி, அதன் மறுமுனையைத் திரவமுள்ள போத்தலில் அமிழ்த்த வேண்டும். பிடியை மெதுவாகச் சிலமுறை அழுத்திப் பிடித்துக்கொள்ள, மற்றவர் திருகாணியைக் கால்வட்டம் திறந்து மூடுவார். மூடிய பின்பே பிடியை விடுதல் வேண்டும். மேலே கிண்ணத்தில் திரவம் வற்றவிடக் கூடாது. இந்தக் கடைசி விதியைத்தான் நாம் முதலில் மீறினோம். பேச்சுச் சுவாரசியத்தில் கிண்ணம் வற்றி, எடுத்த காற்றெல்லாம் மீண்டும் உள்ளே போயிற்று.

இரண்டாம் முறை ஒருமணி நேரம் அழுத்தினோம். குழாயில் குமிழிகள் ஓயவேயில்லை. இங்கே ஒரு மாயம் உண்டு. திருகாணியைத் திறந்ததும் அதன் புரிகளினூடாக வெளிக்காற்று உறிஞ்சப்பட்டுக் குழாயிற் குமிழியாகத் தோன்றும். உள்ளேயிருந்து வருவதாக நாம் ஏமாறுவோம். அதேவேளை உண்மையான காற்று மேலே, மேலுருளையும் குழாயும் சேருமிடத்திலுள்ள வளைவிலே சுகமாகக் குந்தியிருக்கும். குமிழி மேலே ஏறும் இயல்புடையது. நாமோ அதைக் கீழ்நோக்கித் துரத்திக்கொண்டிருந்தோம்! இத்தனைக்கும் நாம் பௌதிக ஆசிரியர்.

இது புரிந்ததும் மருமகனை மருந்துக் கடைக்கு அனுப்பி, ஒரு பெரிய ஊசிக்குழலை வாங்கி வரச் செய்தோம். வீட்டில் யாருக்குச் சுகமில்லை என்று கடைக்காரர் விசாரித்தாராம். மோட்டார் சைக்கிளுக்கு என்று சொல்ல வெட்கப்பட்டு, மாமாவுக்கு என்று சொல்லிவிட்டு வந்தான். அந்த ஊசிக்குழலில் புதிய திரவத்தை நிரப்பிக் கீழ்த் திருகாணி வழியாக மெல்ல மேல்நோக்கிச் செலுத்தினோம். மேற்கிண்ணத்தில் குமிழிகள் ‘களக் களக்’ என்று எழுந்தன. கிண்ணம் நிரம்பி வழிந்து, திரவம் பெற்றோல் டாங்கியின்மேல் ஓடியது. நாம் துணி தேடினோம். தமக்கையாரோ கிணற்றடியிலிருந்த வாளியைத் தூக்கி வந்து டாங்கியின்மேல் தண்ணீரைக் கொட்டினார். அவர் செய்ததே சரி. அத்திரவம் நீரிற் கரைவது. துடைப்பதைவிடக் கழுவுவதே வர்ணத்தைக் காக்கும். கிண்ணத்தில் நீர் விழுந்திருந்தால் வேலை கெட்டிருக்கும்; நல்லவேளையாக மூடியை மருமகன் கையால் பொத்திக்கொண்டான்.

“தம்பி, புத்தகத்துல இது இல்லையா?” என்று கேட்டார் தமக்கையார். நாம் விடை கூறவில்லை.

அதன்பின் பிடியை ஒரு துணியால் கைப்பிடியோடு இறுகக் கட்டி, இரவு முழுவதும் விட்டோம். எஞ்சிய சிறு குமிழிகள் அமுக்கத்தினால் சுருங்கி மேலேறி, காலையில் பிடியை அவிழ்த்ததும் கிண்ணத்தின் வழியே வெளியேறும் என்பது கராஜ்காரரின் கைமுறை. காலையில் பிடி இறுகியிருந்தது. இயந்திரத்தை இயக்கி முதலாம் கியரில் இட்டபோது வண்டி துள்ளாது நின்றது. அந்த மகிழ்ச்சியிலே, கடைசி வேலையாக, வளைந்த பிடியைக் கழற்றிப் புதிய பிடியை மாட்டினோம்.

மருமகன் அதை அழுத்திப் பார்த்துவிட்டு, “மாமா, இதுல கொஞ்சங்கூட லூசு இல்லையே. தொட்டவொடனே பிடிக்குது” என்றான்.

“புதுசு அப்படித்தான் இருக்கும்” என்றோம்.

இந்தச் சிறு வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

மலை வழியில்

நான்கு நாள் எவ்விதக் குறையுமின்றி ஓடிற்று. ஐந்தாம் நாள் மாலை தம்புள்ளையிலிருந்து திரும்பிய மருமகன், நாவுலையைத் தாண்டியதும் இயந்திரம் மட்டும் இரைகிறது, வண்டி வேகம் எடுக்கவில்லை என்றான். கிளட்ச் தட்டுகள் வழுக்குகின்றன என்பது வெளிப்படை. தட்டுகள் தேய்ந்துவிட்டன, மாற்றத்தான் வேண்டும் என்று நாம் தீர்ப்புக் கூறினோம். அதன் விலையைத் தொலைபேசியில் விசாரித்தான். அவனது சம்பளத்தில் பாதிக்கு மேலாயிற்று. காலையில் வண்டி நன்றாகவே ஓடியதால் மாத இறுதிவரை பொறுப்போம் என்று இருவரும் இசைந்தோம்.

அந்த வாரத்து ஞாயிறன்று எமக்கு இளமையில் கணிதம் போதித்த ஆசிரியரொருவர் நோயுற்றிருப்பதாகத் தகவல் வந்தது. அவர் இரத்தோட்டைக்கு மேலே, தோட்டமொன்றில் மகளுடன் வசிப்பவர். மருமகனின் வண்டியில் பின்னாலமர்ந்து புறப்பட்டோம். இரத்தோட்டையைக் கடந்தபின் வீதி ரிவஸ்டன் கணவாயை நோக்கி வளைந்து வளைந்து ஏறுவதை அவ்வழி சென்றவர்கள் அறிவர். ஒருபுறம் நக்கிள்ஸ் மலைச்சாரல், மறுபுறம் பள்ளம். பிற்பகலானால் மூடுபனி இறங்கிவிடும். வெயில் நேரம் புறப்பட்டு, ஏற்றத்தில் இருவரைச் சுமந்து, கீழ்க் கியரில் அரைமணி நேரம் உழைத்த இயந்திரம் நன்றாகச் சூடேறியிருந்தது.

ஒரு கொண்டையூசி வளைவில் இயந்திரம் அலறிற்று. வண்டியோ வேகம் குறைந்து, நின்று, பின்னோக்கி வழுகத் தொடங்கிற்று. எமக்குப் பின்னால் ஒரு பஸ் வண்டி ஒலியெழுப்பியவாறு ஏறிவந்துகொண்டிருந்தது. மருமகன் முன்பிரேக்கை அழுத்திப் பிடித்தான். நாம் குதித்திறங்கினோம், குதித்தோம் என்று சொல்வது மிகை, விழுந்தோம் என்பதே பொருந்தும். பஸ் சாரதி எப்படியோ நிறுத்திவிட்டார். நடத்துநரும் இரு பயணிகளும் இறங்கி வந்து வண்டியை ஓரத்துக்குத் தள்ள உதவினர். எமது முழங்காலில் சிராய்ப்பு. மருமகனின் முகத்தில் இரத்தமே இல்லை. வண்டி நின்ற இடத்திலிருந்து பள்ளத்தின் விளிம்பு நான்கடி தூரமும் இராது. தமக்கையாருக்கு ஒரே மகன் அவன். அந்த எண்ணம் எமது நெஞ்சில் எழுந்தபோது, நாம் கற்ற கல்வி எதுவும் எமக்குத் துணைவரவில்லை.

அரைமணி நேரம் மூடுபனியில் நின்றோம். இயந்திரம் குளிர்ந்தது. மருமகன் சும்மா இருக்கமாட்டாமல் வண்டியை இயக்கி, கியரில் இட்டு, அந்த ஏற்றத்திலேயே பத்தடி ஏற்றிக் காட்டினான். வழுக்கலே இல்லை.

“மாமா, தட்டு தேஞ்சிருந்தா, ஆறினவொடனே மறுபடி வளந்துடுமா?” என்று கேட்டான்.

அந்தக் கேள்வியிலேதான் விடை இருந்தது. தேய்ந்த தட்டு ஆறினால் முற்றாகக் குணமாகாது. சூடேறும்போது வந்து, ஆறியதும் மறைவது எது? விரிந்து சுருங்குவது. அடைபட்ட திரவம்!

மேலுருளையின் உட்சுவரில், திரவக் கிண்ணத்துக்குச் செல்லும் இரு துளைகள் உள்ளன. ஒன்று பெரிது, மற்றொன்று ஊசிமுனையளவு சிறிது. பிடி முழுவதும் விடப்பட்ட நிலையில் முசலம் பின்னே வந்து, அச்சிறு துளையைத் திறந்து வைத்திருக்க வேண்டும். இயந்திரத்தின் வெப்பத்தினால் கீழுருளையிலுள்ள திரவம் விரியும்போது, மிகுதியானது அத்துளை வழியே கிண்ணத்துக்குத் திரும்பிவிடும். தட்டுகள் தேயத் தேய உட்கோல் கீழுருளையை நோக்கித் தள்ளப்படும்போதும், அத்துளை வழியாகவே திரவம் மேலேறும். அதனாலேதான் பிரேக்கின் கிண்ணத்தில் தேய்மானத்தால் மட்டம் குறைய, கிளட்சின் கிண்ணத்தில் மட்டம் கூடுகிறது. அச்சிறு துளை மூடியிருந்தால் விரியும் திரவத்துக்குப் போக்கிடம் இல்லை. அது கீழ்முசலத்தைத் தள்ளும். யாரும் பிடியைத் தொடாமலே கிளட்ச் பாதி அழுத்தப்பட்ட நிலைக்கு வந்துவிடும். முழு நகர்வுக்கே ஒன்றரை மில்லிலீற்றர்தான் என்று முன்பு கணக்கிட்டோமல்லவா? அரை மில்லிலீற்றர் விரிந்தாலும் போதும், வண்டி மலைச்சரிவில் பின்னோக்கி வர.

வண்டியை நிறுத்தியபடியே மீண்டும் இயக்கிச் சூடேற்றினோம். கருவிப் பையிலிருந்த 8 மில்லிமீற்றர்ச் சாவியால் கீழ்த் திருகாணியைச் சற்றே தளர்த்தினான் மருமகன். பிடியை எவரும் தொடவில்லை. ஆயினும் திரவம் ‘சீத்’ என்று பாய்ந்தது. அடைபட்ட அமுக்கம் அங்கே இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. திருகாணியை மூடியபின் கிளட்ச் உறுதியாகப் பிடித்தது. வழியில் இரண்டு இடங்களில் நிறுத்தி அவ்வாறே செய்து, ஆசிரியரைப் பார்க்காமலே மெல்ல மாத்தளைக்கு இறங்கி வந்தோம்.

மறுநாள் வண்டியை நகரிலுள்ள முதிய சிங்களப் பாஸ் ஒருவரிடம் கொண்டு சென்றோம். இனியும் எமது கையை மட்டும் நம்புவதற்கு எமக்குத் துணிவில்லை. அவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. திரவக் கிண்ணத்தின் மூடியைத் திறந்து, பிடியை மயிரிழையளவு அழுத்தினார்; உள்ளே எட்டிப் பார்த்தார்; மீண்டும் அழுத்தினார்.

“சேர், தண்ணி ஆடல்ல. சின்ன ஹோல் மூடி” என்றார்.

பிடியை அழுத்தத் தொடங்கும் கணத்தில், திறந்திருக்கும் சிறு துளையினூடே திரவத்தின் ஒரு சிறு ஊற்று மேலெழும். கிண்ணத்தின் மேற்பரப்பிலே அலை தோன்றும். அது தோன்றவில்லையாயின் துளை ஏற்கனவே மூடியிருக்கிறது என்பது பொருள். துளையில் அழுக்கு அடைத்திருக்கலாம். அல்லது முசலம் முழுவதும் பின்வரவில்லை. ஊசிக்குழலால் நாம் கீழிருந்து திரவம் ஏற்றியபோது அது தடையின்றிக் கிண்ணத்தை அடைந்ததே! அப்போது துளை திறந்திருந்தது. அதன்பின் நாம் செய்த ஒரே வேலை, புதிய பிடியை மாட்டியதுதான்.

பாஸ் பிடியைக் கழற்றினார். பிடியின் உட்புறத்தில் ஒரு துளை. அதனுள் சுழலக்கூடிய சிறிய பித்தளை உருளை. அவ்வுருளையில் ஒரு குழி. முசலத்தைத் தள்ளும் சிறுகோலின் முனை அக்குழிக்குள் அமர வேண்டும். நாம் மாட்டியபோது பித்தளை உருளை சற்றே திரும்பியிருந்தபடியால், கோலின் முனை குழிக்குள் இறங்காது அதன் விளிம்பிலே தங்கிவிட்டது. அந்த இரண்டு மில்லிமீற்றர் வேறுபாடு முசலத்தை எந்நேரமும் முன்தள்ளியே வைத்திருந்தது. பிடியில் ‘லூசு’ இல்லாமற் போனதும் அதனாலேதான். பிடியில் இருக்க வேண்டிய அந்தச் சிறு தளர்வு, முசலம் முழுவதும் பின்வந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். அது இல்லையென்று மருமகன் முதல் நாளே சொன்னான். புதுசு அப்படித்தான் இருக்கும் என்று சொன்னவர் யார் என்பதை இங்கு மீண்டும் எழுத வேண்டியதில்லை.

பித்தளை உருளையை நகத்தால் திருப்பி, குழியை நேராக்கி, கோலை உள்ளே அமர்த்தி, பிடியை மாட்டினார் பாஸ். ஐந்து நிமிட வேலை. மூடியை மூடுமுன் எம்மை அழைத்து, பிடியை மெல்லத் தொட்டுக் காட்டினார். கிண்ணத்தின் நடுவே ஒரு சிறு ஊற்று கிளம்பி அடங்கியது. மழைத்துளி குளத்தில் விழுந்தாற்போன்ற வட்டம். கரும்பலகையில் நாம் ஒருநாளும் வரையாத படம் அது. கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு ஒரு தேநீருக்கான காசைச் சொன்னார். தேநீரைத் தாமே வாங்கியும் கொடுத்தோம்.

தட்டுகளுக்காகச் செலவாகவிருந்த பணம் மிஞ்சிற்று. மருமகன் ஒரு மாத காலம் எம்மிடம் எதையும் நேரிற் சுட்டிக்காட்டவில்லை. ஆயினும் வண்டியில் எதையாவது மாட்டும்போது, அதைத் தானே இருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு எமது முகத்தையும் ஒருமுறை பார்ப்பான். அந்தப் பார்வை போதியதாயிருந்தது. நாமும் இப்போது ஒன்றைக் கடைப்பிடிக்கிறோம். அவன் ‘ஏதோ வித்தியாசமாக இருக்கிறது’ என்றால், காரணம் கண்டபின்பே மேற்கொண்டு வேலை செய்வது. வகுப்பறையிலும், பின்வரிசை மாணவன் கை உயர்த்தினால் முன்போல அமரச் சொல்வதில்லை.

இவ்விடத்தில் வீட்டில் இவ்வேலை செய்ய முனைவோருக்கு இரண்டொரு வார்த்தை. டொட் 4 திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது. புதிதாயிருக்கையில் அது கொதிப்பதற்குக் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வேண்டும். ஈரம் சேர்ந்தபின் 155 பாகை வரைக்கும் இறங்கிவிடலாம். ஆகவே திறந்த போத்தலில் எஞ்சியதை அடுத்த வருடத்துக்கென்று அலுமாரியில் வைப்பது வீண். இரண்டு வருடத்துக்கொருமுறை முழுவதையும் மாற்றுவது நன்று. கண்ணில் பட்டால் உடனே நிறைய நீரால் கழுவ வேண்டும். சிறுவர் கைக்கெட்டாமல் வைக்க வேண்டும். பார்ப்பதற்கு மஞ்சள் நிறச் சர்பத்துப் போலிருக்கும், ஆனால் நஞ்சு.

அதற்கடுத்த ஞாயிறு, காலை வேளையிலேயே புறப்பட்டோம். அதே வளைவில் மருமகன் வண்டியை நிறுத்தி, மீண்டும் எடுத்தான். ஒரு நடுக்கமுமின்றி ஏறிற்று. ஆசிரியர் திண்ணையில் நாற்காலியில் அமர்ந்திருந்தார். குரல் தளர்ந்திருந்ததேயன்றி நினைவு தெளிவாயிருந்தது. சென்ற வாரம் வருவதாகச் சொல்லிவிட்டு ஏன் வரவில்லை என்று கேட்டார். நடந்ததைக் கூறினோம். சிறிது நேரம் சிரித்துவிட்டு, அந்தப் பித்தளை உருளையை ஒரு கடதாசியில் வரைந்து காட்டச் சொன்னார். மருமகன் வரைந்தான். எமது வரைபடத்தைவிட அவனது வரைபடம் நன்றாயிருந்தது.

தமக்கையாரிடம் இரவல் வாங்கிய கிண்ணமும் கரண்டியும் இன்னும் கருவிப் பெட்டியிலேயே இருக்கின்றன. நஞ்சு பட்ட பாத்திரத்தை அடுக்களைக்குத் திருப்பிக் கொடுக்க முடியாதாகையால், புதியன வாங்கித் தருவதாக வாக்களித்திருக்கிறோம். அவர் கேட்டது எவர்சில்வர். நாம் வாங்கி வந்தது அலுமினியம். அந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.